கறுப்புப் பூனையும் வெள்ளைச் சுவரும்: புகைப்படத்தில் கான்ட்ராஸ்ட், டோன் சரிசெய்யும் வழி

படங்களைத் திருத்தத் தொடங்கிய முதல் ஆண்டில் எனக்குத் தெரிந்த ஒரே கருவி, 'கான்ட்ராஸ்ட்' என்று பெயர் போட்டிருந்த அந்த ஒற்றை நகர்த்திதான். படம் மந்தமாகத் தெரிந்தால் அதை வலப்பக்கம் இழுப்பேன். அப்போதும் மந்தமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் இழுப்பேன். உறவினர் வீட்டு விழாவில் எடுத்த நாற்பது படங்களை இப்படி ஒரே இரவில், அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்துக்கொண்டு திருத்தி முடித்தேன். அச்சாகி வந்த ஆல்பத்தைப் புரட்டியபோது வயிற்றைக் கலக்கியது. கறுப்புக் கோட்டு அணிந்தவர்களின் உடம்பில் பொத்தானும் இல்லை, மடிப்பும் இல்லை. கரியைப் பூசியதுபோல ஒரே மொத்தை. வெள்ளை உடுத்தியவர்களின் தோள்கள் தாளோடு தாளாகக் கரைந்திருந்தன. சரி, மறுபடி திருத்திக்கொள்ளலாம் என்று கணினியைத் திறந்தால், மூலக் கோப்புகளின் மேலேயே சேமித்துத் தொலைத்திருக்கிறேன்.

அந்த நாற்பது படங்களுக்கு இனி மருந்து கிடையாது. உங்கள் படங்களாவது தப்பட்டும் என்று, நான் அடிபட்டுக் கற்ற வரிசையை இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடங்கும் முன் இரண்டு சொற்கள். படத்தின் ஒரு புள்ளி எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்பது டோன். இரண்டு டோன்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது கான்ட்ராஸ்ட். கணினி டோனை எண்ணாக வைத்திருக்கிறது: சாதாரண 8 பிட் படத்தில் 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. மொத்தம் 256 படிகள். நீங்கள் எந்த நகர்த்தியை இழுத்தாலும் இந்தப் படிகளைத்தான் பிரித்துப் போடுகிறீர்கள். ஓரிடத்தில் இடைவெளியைக் கூட்டினால் இன்னோரிடத்தில் அது குறைந்தே தீரும். என் ஆல்பத்தில் கோட்டின் மடிப்புகள் காணாமல் போனது இந்தக் கணக்கு தெரியாததால்தான்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு படத்தைக் கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். வெள்ளைச் சுவர், அதில் ஒரு ஜன்னல், ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் எங்கள் கறுப்புப் பூனை. டோன் பழக இதைவிடக் கடினமான வாத்தியார் இல்லை.

1. மென்பொருள்: காசு கொடுக்க அவசரப்படாதீர்கள்

கிம்ப், டார்க்டேபிள், ராதெரபி மூன்றும் முழுக்க இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாவற்றையும் இவற்றிலேயே செய்யலாம். லைட்ரூம், ஃபோட்டோஷாப் இரண்டும் சந்தா கட்டும் வகை. கட்டுவதை நிறுத்தினால் திருத்தும் வசதியும் நின்றுவிடும். அவை நல்ல மென்பொருள்கள்தான். ஆனால் கர்வ்ஸ் கருவியில் ஒரு கோட்டை எங்கே வளைப்பது என்று தெரியாத நாளில் அவற்றுக்குப் பணம் கட்டுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் ஓராண்டு கட்டினேன்.

புதியவர்களுக்கு ஒரு குறிப்பு: கேமராவின் ரா கோப்புகளுக்கு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பவை) டார்க்டேபிள் அல்லது ராதெரபி, ஜேபெக் படங்களுக்கும் (சுருக்கிய வழக்கமான படக் கோப்புகள்), லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள் போன்றது) வைத்துச் செய்யும் வேலைகளுக்கும் கிம்ப். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுவிக் குழம்ப வேண்டாம்.

2. கோப்புகள்: மூலத்தைத் தொடவே கூடாது

திருத்தத் தொடங்குமுன் 'மூலம்', 'வேலை', 'இறுதி' என்று மூன்று கோப்புறைகள் உருவாக்குங்கள். கேமராவிலிருந்து வந்த கோப்புகள் 'மூலம்' கோப்புறையில் தூங்கட்டும். அதன் நகல் ஒன்று வேறொரு வட்டிலும் இருக்கட்டும். திருத்தம் எல்லாம் 'வேலை'யில்.

கேமராவில் ரா வசதி இருந்தால் ராவிலேயே எடுங்கள். ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 12 பிட் ராவில் 4,096 படிகள். 14 பிட் ராவில் 16,384. இந்தப் பெரிய எண்ணைப் பார்த்து, இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு தூக்கிக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் பதிவு செய்வதால், அந்த 16,384 படிகளில் பாதி, அதாவது 8,192, மிக வெளிச்சமான ஒரே ஒரு ஸ்டாப்புக்கு (ஒளி இரு மடங்காகும் ஓர் அளவு) போய்விடுகிறது. அடுத்த ஸ்டாப்புக்கு அதில் பாதி, அதற்கடுத்ததற்கு அதிலும் பாதி. நிழலுக்கு வரும்போது கிடைப்பது சொற்பம். அதனால்தான் இருண்ட படத்தை வெளிச்சமாக்கும்போது இரைச்சல் புள்ளிகள் பொரிப்பொரியாகக் கிளம்புகின்றன.

இடமும் ஒரு செலவுதான். 24 மெகாபிக்சல் படத்தை 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமித்தால், சுருக்காத நிலையில் ஏறக்குறைய 144 மெகாபைட் பிடிக்கும். வேலை முடியும்வரை வைத்திருங்கள். முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ராவும் திருத்தக் குறிப்பும் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம்.

திருத்தக் குறிப்பு என்றதும் ஒரு பொறி நினைவுக்கு வருகிறது. டார்க்டேபிள் உங்கள் திருத்தங்களை ரா கோப்புக்குள் எழுதுவதில்லை. பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற சிறு கோப்பில் எழுதுகிறது. கோப்புறையைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் குட்டிக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். படத்தை வேறு இடத்துக்கு மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஜேபெக் மட்டும்தான் இருக்கிறதா? பரவாயில்லை. கிம்ப்பில் 'இமேஜ்' பட்டியலில் உள்ள 'பிரிசிஷன்' வழியாக 16 பிட்டுக்கு மாற்றிக்கொண்டு தொடங்குங்கள். இல்லாத தகவல் இதனால் வந்துவிடாது. ஆனால் அடுத்தடுத்துச் செய்யும் திருத்தங்களில் எண்களை முழுமையாக்குவதால் சேரும் பிழை குறையும். இடையில் நிறுத்தினால் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக்கைத் திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்காகவே சேமித்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு சேமிப்பிலும் கொஞ்சம் தரம் தேயும்.

3. திரையும் அறையும்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். என் ஆல்பம் பாழானதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

திரை அதிக வெளிச்சமாக இருந்தால் படமும் வெளிச்சமாக இருப்பதாக நம்பி அதை இருட்டாக்கி வைப்பீர்கள். படத் திருத்தத்துக்குச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை போதும். பல மடிக்கணினித் திரைகள் முழு வெளிச்சத்தில் 300ஐத் தாண்டும். திரை வெளிச்சத்தை அளக்கும் கருவி இல்லாதவர்கள் இப்படிச் செய்யலாம்: ஒரு வெற்று வெள்ளை ஆவணத்தைத் திரையில் திறந்துவையுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். அறை வெளிச்சத்தில் தாளும் திரையும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். முதல் பத்து நிமிடம் திரை மங்கலாகத் தோன்றும். கண் பழகிவிடும்.

இரவில் நிறத்தை மஞ்சளாக்கும் வசதி, சூழலுக்கேற்ப வெளிச்சத்தை மாற்றும் தானியங்கி வசதி இரண்டையும் அணைத்துவிடுங்கள். மென்பொருளின் பின்னணி நடுத்தரச் சாம்பலாக இருக்கட்டும். கறுப்புப் பின்னணியில் ஒரு சாம்பல் நிறம் வெளுப்பாகவும், வெள்ளைப் பின்னணியில் அதே சாம்பல் இருட்டாகவும் தெரியும். எட்வர்ட் அடெல்சன் 1995இல் வெளியிட்ட சதுரங்கப் பலகை நிழல் படத்தைத் தேடிப் பாருங்கள்: ஒரே சாம்பல் நிறத்தில் உள்ள இரண்டு கட்டங்கள், ஒன்று கறுப்பு என்றும் மற்றொன்று வெள்ளை என்றும் அடித்துச் சொல்லும் நம் கண். ஆகவே கண்ணை மட்டும் நம்பி வேலை செய்ய முடியாது. எண்களையும் பார்க்க வேண்டும். எல்லா மென்பொருளிலும் புள்ளியின் எண்ணைக் காட்டும் ஒரு சொட்டுக்கருவி இருக்கும். அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஹிஸ்டோகிராமைப் படிப்பது

இது மலைபோலத் தெரியும் ஒரு வரைபடம். இடக்கோடியில் கறுப்பு, வலக்கோடியில் வெள்ளை. உயரம் என்பது அந்த டோனில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பது. அவ்வளவே.

எங்கள் பூனைப் படத்தில் மலை 22இல் தொடங்கி 214இல் முடிந்தது. இரண்டு பக்கமும் வெற்றிடம். படம் ஏன் சாம்பல் பூத்ததுபோல் இருந்தது என்பதற்கு அதுவே விடை: உண்மையான கறுப்பும் இல்லை, உண்மையான வெள்ளையும் இல்லை. கேமராவின் ஒளிமானியைக் குறைசொல்லிப் பயனில்லை. அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும். படத்தின் பெரும்பகுதி வெள்ளைச் சுவராக இருந்ததால் அந்த வெள்ளையையும் சாம்பலாக்கிக் கொடுத்துவிட்டது. வெறும் பூனையை மட்டும் நெருக்கமாக எடுத்திருந்தால் கதை தலைகீழாக, கறுப்புப் பூனை வெளுத்துப் போயிருக்கும்.

மலை சுவரில் மோதி நிற்பதுபோல ஏதாவது ஒரு கோடியில் செங்குத்தாக வெட்டுப்பட்டிருந்தால் அங்கே விவரம் போய்விட்டது என்று பொருள். ராவில் ஓரளவு மீட்கலாம். ஜேபெக்கில் 255 ஆகிவிட்ட இடத்தை நீங்கள் இருட்டாக்கினால் வெறும் சாம்பல்தான் கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். கேமராவின் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் அது காட்டும் ஜேபெக் முன்னோட்டத்திலிருந்து வருவது. ரா கோப்பில் அதைவிடக் கூடுதலாக விவரம் இருக்கலாம். அடுத்தது, ஒரே வெள்ளை மலையாகத் தெரியும் ஹிஸ்டோகிராமை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே பாருங்கள். செக்கச்செவேல் என்ற ரோஜாவில் மொத்த வெளிச்சம் நடுவில் இருக்கும்போதே சிவப்புத் தடம் மட்டும் 255இல் முட்டிக்கொண்டிருக்கும். இதழின் நரம்புகள் காணாமல் போய், பிளாஸ்டிக் பூபோல ஆவது இதனால்தான்.

'சரியான' ஹிஸ்டோகிராம் என்று ஒன்று கிடையாது. பனிமூட்டத்தை எடுத்த படத்தில் கறுப்பே இருக்காது, இருக்கவும் கூடாது. அதை 0 முதல் 255 வரை இழுத்து நிரப்பினால் பனி போய்விடும்.

5. வெள்ளைச் சமநிலை

வெள்ளைப் பொருள் வெள்ளையாகவே தெரியும்படி நிறச் சாயலைச் சரிசெய்வது இது. டோனைத் தொடுமுன் இதை முடித்துவிடுங்கள். நிற வெப்பத்தை மாற்றினால் மூன்று தடங்களின் அளவும் மாறும். நீங்கள் கவனமாக வைத்த வெள்ளை முனை மறுபடி நகர்ந்துவிடும். படத்தில் சாம்பலாக இருக்க வேண்டிய ஒரு பொருளைச் சொட்டுக்கருவியால் தொடுங்கள். 255 ஆகிவிட்ட வெள்ளையைத் தொட வேண்டாம், அங்கே அளக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

6. லெவல்ஸ்: முதலில் இரண்டு முனைகள், பிறகு நடு

லெவல்ஸ் கருவியில் ஹிஸ்டோகிராமுக்குக் கீழே மூன்று முக்கோணங்கள் இருக்கும். இடது கறுப்பு முனை, வலது வெள்ளை முனை, நடுவில் இருப்பது நடு டோன்.

கறுப்பு முனையை 22க்கு நகர்த்தினேன். வெள்ளை முனை 214க்கு. படத்தின் மேலிருந்து ஒரு தூசிப் படலத்தைத் துடைத்ததுபோல இருந்தது. புதியவர்கள் கை தட்டிவிட்டு இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பார்ப்போமே என்று ஆசைப்படுபவர்களும் உண்டு. அந்த ஆசையில்தான் பூனையின் காதுமடல் ரோமம் போகும்.

எதுவரை தள்ளலாம் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வசதி இருக்கிறது. ஃபோட்டோஷாப், லைட்ரூம் இரண்டிலும் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு முனையை நகர்த்தினால், வெட்டுப்படும் இடங்கள் மட்டும் தனியாகத் தெரியும். கிம்ப்பில் 'வியூ' பட்டியலில் உள்ள டிஸ்ப்ளே ஃபில்டர்களில் 'கிளிப் வார்னிங்' என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம். வெட்டுப்பட வேண்டியது எது, கூடாதது எது என்பது உங்கள் தீர்ப்பு. பூனையின் கண்ணில் மின்னும் ஒளிப்பொட்டு 255 ஆகலாம், அதில் பார்க்க ஒன்றுமில்லை. சுவரில் பூச்சின் சொரசொரப்பு தெரிய வேண்டும் என்பதால் அதை 235க்கும் 245க்கும் நடுவே நிறுத்த விரும்பினேன். அதற்காக வெள்ளை முனையைக் கொஞ்சம் பின்னுக்கு, 220க்குக் கொண்டுபோனேன்.

இரண்டு முனைகளையும் வைத்த பிறகே நடு முக்கோணம். அதன் தொடக்க மதிப்பு 1.00. அதைவிடக் கூட்டினால் நடு டோன்கள் வெளிச்சமாகும், குறைத்தால் இருளும். இரண்டு முனைகளும் அசையாமல் நிற்கும். படம் மொத்தமாக இருட்டாகத் தெரிகிறது என்று 'பிரைட்னஸ்' நகர்த்தியை இழுப்பவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். நான் 1.15 வைத்தேன். பொதுவாக 0.85க்கும் 1.20க்கும் வெளியே போக நேர்ந்தால் படம் எடுத்ததிலேயே கோளாறு. ராவுக்குத் திரும்பிப் போய் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் மொத்த வெளிச்சத்தை, சரிசெய்துவிட்டு வாருங்கள்.

இந்த இடத்தில் 8 பிட்டின் தண்டனையையும் பார்த்துவிடலாம். 22 முதல் 214 வரை இருப்பவை 193 படிகள். அவற்றை 256 இடங்களில் பரப்பினால் 63 இடங்கள் காலியாகவே கிடக்கும். திருத்திய பிறகு ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்; சீப்பின் பற்களைப் போல இடைவெளி விழுந்திருக்கும். ஒருமுறை செய்தால் கண்ணுக்குத் தெரியாது. இதன் மேல் இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று என்று அடுக்கினால் வானத்தில் படிக்கட்டு தெரியத் தொடங்கும். 16 பிட்டில் வேலை செய்யச் சொன்னது இதற்காக.

'ஆட்டோ' பொத்தானைப் பற்றி ஒரு வரி: பல மென்பொருள்களில் அது மூன்று நிறத் தடங்களையும் தனித்தனியே இழுக்கும். அந்திவேளையின் பொன்னிறத்தைப் பிழை என்று எண்ணிக் கழுவிவிடும்.

7. கர்வ்ஸ்: வேலையின் இதயம்

கர்வ்ஸ் கருவியைத் திறந்தால் கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைவரை ஒரு சாய்கோடு. கிடையச்சு படத்தில் இப்போது உள்ள டோன். நெட்டச்சு அது ஆகப்போகும் டோன். கோடு செங்குத்தாகும் இடத்தில் கான்ட்ராஸ்ட் கூடும், படுக்கும் இடத்தில் குறையும். கர்வ்ஸ் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இந்த ஒரு வாக்கியம்தான்.

எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது எஸ் வடிவ வளைவு. 64இல் ஒரு புள்ளி வைத்து 52க்கு இறக்குவது, 192இல் ஒரு புள்ளி வைத்து 204க்கு ஏற்றுவது. என்ன நடக்கிறது என்று தோராயமாகக் கணக்கிடுவோம். நடுவில் 128 படிகளாக இருந்தது 152 படிகளாக விரிகிறது. ஏறக்குறைய 19 சதவீதம் கூடுதல். அதற்கான படிகள் எங்கிருந்து வந்தன? கீழே 64 படிகள் 52 ஆகச் சுருங்கின. மேலேயும் 63 படிகள் 51 ஆகிவிட்டன. இரண்டு ஓரங்களையும் கிள்ளி நடுவுக்குக் கொடுத்திருக்கிறோம்.

முகமும் மரமும் தெருவும் நடு டோனில் இருக்கும் படங்களுக்கு இது நல்ல பேரம். எங்கள் பூனைக்கு அநியாயம். லெவல்ஸ் முடிந்த நிலையில் சொட்டுக்கருவியால் அதன் ரோமத்தைத் தொட்டுப் பார்த்தேன்: கழுத்தடி இருட்டில் 5, முதுகில் ஜன்னல் வெளிச்சம் வழுக்கும் இடத்தில் 60. பூனை முழுவதும் இந்த 55 படிகளுக்குள் அடக்கம். எஸ் வளைவைப் போட்டால் அது 45 படிகளுக்கும் கீழே நசுங்குகிறது. கிட்டத்தில் பார்த்தேன்: முதுகில் வரிவரியாக இருந்த ரோமக் கற்றைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, தோள்பட்டை எலும்பின் மேடு மறைந்தது, இரண்டு மஞ்சள் கண்களும் ஒரு கொத்து வெள்ளை மீசையும் மட்டும் ஓர் ஓட்டைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தன. ஆல்பத்துக் கறுப்புக் கோட்டுகளுக்கு நேர்ந்தது அச்சாக இதேதான்.

ஆகவே தலைகீழாக யோசிக்க வேண்டியிருந்தது. இந்தப் படத்தில் யாருக்குக் கான்ட்ராஸ்ட் தேவை? பூனைக்கு. யாரால் கொடுக்க முடியும்? சுவரால். அது ஏக்கர் கணக்கில் விரிந்து கிடக்கிறது, கொஞ்சம் இழந்தால் குடி முழுகிவிடாது. 10இல் ஒரு புள்ளி வைத்து 8க்கு இறக்கினேன். 60இல் ஒரு புள்ளி வைத்து 66க்கு ஏற்றினேன். இடையில் 50 படிகள் 58 ஆயின, 16 சதவீதம் கூடுதல். மற்ற 195 படிகள் 189 ஆயின. மூன்று சதவீத இழப்பு, சுவரில் அதைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ரோமக் கற்றைகள் திரும்பி வந்தன. பூனை சாம்பலாகவும் மாறவில்லை, ஏனென்றால் மிக ஆழ்ந்த கறுப்பு இன்னும் கீழேயே இருக்கிறது.

உங்கள் படத்துக்கும் இதே மூன்று வேலைகள். முக்கியமான பொருளைச் சொட்டுக்கருவியால் தொட்டு அதன் குறைந்த எண், கூடிய எண் இரண்டையும் தாளில் எழுதுங்கள். அந்த இரண்டு எண்களிலும் கோட்டில் புள்ளி வையுங்கள். அவற்றை எதிரெதிர்த் திசையில் மெல்ல இழுங்கள்.

மெல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஐந்து, எட்டு, பன்னிரண்டு என்ற அளவில் நகர்த்துங்கள். இரண்டு மூன்று புள்ளிகளுக்கு மேல் வைத்தால் கோடு பாம்பாக நெளியும். எந்த இடத்திலாவது கோடு கீழ்நோக்கித் திரும்பினால் அங்கே வெளிச்சமும் இருட்டும் இடம்மாறி, உலோகம் உருகியதுபோல ஒரு விகாரம் வரும்.

மனித முகங்களில் இன்னும் கவனம் தேவை. நடு டோனில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் தோலின் ஒவ்வொரு துளையும் எழுந்து நிற்கும். உங்கள் நண்பர்கள் அதை மன்னிக்கமாட்டார்கள்.

8. நிறம் தானாகக் கூடுவது

கர்வ்ஸை மூன்று நிறத் தடங்களுக்கும் சேர்த்து இயக்கும்போது கான்ட்ராஸ்ட்டோடு நிறச் செறிவும் கூடும். தடங்களுக்கு இடையிலான வித்தியாசமும் விரிவதால் வருவது இது. மிதமான திருத்தத்தில் அழகாகவே இருக்கும். ஆரஞ்சுத் தோலும் நீலம் வடியும் நிழலும் தெரிந்தால், திருத்தத்தை நகல் லேயரில் செய்துவிட்டு அந்த லேயரின் கலப்பு முறையை 'லூமினாசிட்டி' என்று மாற்றுங்கள். கிம்ப்பில் 'லூமினன்ஸ்' என்றிருக்கும். நிறம் பழையபடி நிற்கும், வெளிச்சம் மட்டும் மாறும்.

டோன்களை மட்டும் எடைபோட நான் செய்யும் ஒரு வேலை: மேலே ஒரு கறுப்பு வெள்ளை லேயரைப் போட்டு அவ்வப்போது கண்ணைத் திறந்து மூடி, அதாவது லேயரை மறைத்துக் காட்டும் கண் குறியை, பார்ப்பது. நிறம் போனதும் பொருளும் பின்னணியும் ஒரே சாம்பலில் கலந்துவிட்டால், டோன் வேலை இன்னும் முடியவில்லை.

9. பகுதி பகுதியாக

முழுப் படத்துக்கும் ஒரே வளைவு பல நேரம் போதாது. நகல் லேயரைக் கர்வ்ஸால் வெளிச்சமாக்குங்கள். அதன் மேல் முழுக் கறுப்பு மாஸ்க் (கறுப்பு இடத்தில் லேயரை மறைத்து, வெள்ளை இடத்தில் காட்டும் திரை) போடுங்கள், வெளிச்சம் மறைந்துவிடும். இப்போது மென்மையான பெரிய தூரிகையில் வெள்ளை எடுத்து, ஒபாசிட்டியை (எவ்வளவு அழுத்தமாகப் பதியும் என்பதை) 10 சதவீதத்தில் வைத்து, தேவையான இடத்தில் தடவித் தடவி வெளிச்சத்தை வரவழையுங்கள். இருட்டாக்க இன்னொரு லேயர், அதே முறை. பூனையின் முகத்துக்கு நான்கு தடவல், கீழே இருந்த சுவர் மூலைக்கு ஆறேழு தடவல் இருட்டு. செய்ததே தெரியக் கூடாது. லேயரை அணைத்துப் பார்த்தால் மட்டும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

அமைப்புக்கு அழுத்தம் கொடுக்க இன்னொரு வழி: அன்ஷார்ப் மாஸ்க் கருவியைக் கூர்மைக்கு இல்லாமல் உள்ளூர் கான்ட்ராஸ்ட்டுக்குப் பயன்படுத்துவது. ஆரத்தை 50 என்று பெரிதாகவும், அளவை 0.2 என்று சிறிதாகவும், த்ரெஷோல்டை 0 என்றும் வையுங்கள். 'கிளாரிட்டி' நகர்த்தியும் ஏறக்குறைய இதே வகை வேலையைத்தான் செய்கிறது. அளவு மீறினால் முதலில் காட்டிக்கொடுப்பது விளிம்புகள்: மலை முகட்டைச் சுற்றி, தலைமுடியைச் சுற்றி ஒரு வெள்ளை ஒளிவட்டம். ஒளிவட்டம் தெரிந்த அளவில் பாதிக்குக் குறைத்துவிடுங்கள்.

10. நேரம், சேமிப்பு, அச்சு

இப்போது ஒரு படத்துக்கு எனக்கு ஆறு முதல் எட்டு நிமிடம் ஆகிறது. பழகும் நாள்களில் முக்கால் மணி நேரம் ஆனது. அரை மணிக்கு மேல் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதற்குப் பழகி, எவ்வளவு கான்ட்ராஸ்ட் போட்டாலும் போதாது என்றே சொல்லும். எழுந்து போய்விட்டு வாருங்கள். முடித்த படத்தை அன்றே அனுப்பாதீர்கள். மறுநாள் காலையில் மூலத்தையும் திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்தில் ஆறு படங்களில் நான் திருத்த லேயரின் ஒபாசிட்டியை 70 சதவீதத்துக்குக் குறைத்திருக்கிறேன். ஒரே நிகழ்ச்சியில் ஒரே வெளிச்சத்தில் எடுத்தவை என்றால், ஒரு படத்துத் திருத்தத்தை மற்றவற்றுக்கு நகலெடுத்துக்கொண்டு முனைகளை மட்டும் தனித்தனியே சரிபாருங்கள். நாற்பது படங்களுக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் போதும்.

இணையத்துக்கு என்றால் அளவைக் குறைத்து, அதன் பிறகு கூர்மையாக்கி, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், 85 முதல் 90 தரத்தில் ஜேபெக்காக 'இறுதி' கோப்புறையில் ஏற்றுமதி செய்யுங்கள். அதைவிட அகன்ற நிறவெளியான அடோபி ஆர்ஜிபியில் வேலை செய்துவிட்டு, எந்த நிறவெளி என்று சொல்லும் ப்ரொஃபைல் இல்லாமல் அனுப்பினால் பல திரைகளில் நிறம் செத்துத் தெரியும். திருத்தியது வீணானதோ என்று நீங்கள் மறுபடி கான்ட்ராஸ்ட்டை ஏற்றுவீர்கள்.

அச்சுக்குத் தனி நகல் வேண்டும். திரை தானே ஒளிர்கிறது. தாள் தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. அதன் கறுப்பும் திரையின் கறுப்பு அளவுக்கு ஆழமாக இருக்காது, மேட் தாளில் இன்னும் குறைவு. பூனைப் படத்தின் அச்சு நகலில் லெவல்ஸை மறுபடி போட்டு அதன் நடுவை முதலில் 1.10க்கு உயர்த்தினேன், ரோமத்தின் அடிமட்டக் கறுப்பைச் சற்றுத் தூக்கினேன். பெரிய அச்சுக்குக் கொடுக்குமுன், படத்தின் இருண்ட பகுதியும் வெளிச்சப் பகுதியும் சேர்ந்து வரும் ஒரு துண்டை மட்டும் வெட்டி, நடு மதிப்பு 1.00, 1.10, 1.20 என்று மூன்று விதமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே சிறிய தாளில் அச்சிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டின் கீழும் அதன் எண்ணை எழுதுங்கள், பிறகு எது எதுவென்று மறந்துபோகும். படம் எந்தச் சுவரில் தொங்கப்போகிறதோ அந்தச் சுவரில் தாளை ஒட்டி, பகலில் ஒருமுறை, விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். எங்கள் வரவேற்பறைச் சுவருக்கு 1.20 சரியாக வந்தது. திரையில் அது வெளுத்துப்போன படமாகத்தான் தெரிந்தது.